பேரனின் நிறையும் எங்கள் வீட்டுச் சீனிப் போத்தலும்

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் உடல் பெருத்து வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் ஆறு வயதுப் பேரனைக் குறித்துத் தை மாதம் முதல் எங்களுக்கும் இதே கவலை என்பதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிளினிக்கில் அவனுடைய உயரத்தையும் நிறையையும் எடுத்து வரைபடத்தில் குறித்துக் காட்டிய டாக்டர், அவனை மெலிய வைக்கத் தேவையில்லை என்றும், நிறை ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வளர வளரச் சரியாகிவிடும் என்றும் சொன்னார். பட்டினி போடவோ அவனுக்கு மட்டும் தனியே சமைக்கவோ கூடாதாம். பிறகு, தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறோம், இரவில் எத்தனை மணி வரை தொலைக்காட்சி ஓடுகிறது என்று எங்களைத்தான் விசாரித்தார். அமெரிக்காவில் லெனார்ட் எப்ஸ்டைன் என்பவரும் அவருடைய குழுவினரும் பருமனான பிள்ளைகளோடு பெற்றோரையும் சேர்த்துப் பழக்கியதன் பலன் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருந்ததை 1990இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று மருமகள் தேடிப் படித்துக் காட்டினாள்.

ஆனால் சரோஜா, எங்கள் வீட்டில் முதலில் மாற வேண்டியிருந்தவள் நான்தான். 1974இல் கோதுமை மா கிடைக்காமல், தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் கீரையை அவித்துத் தின்று படுத்த இரவுகள் உனக்கும் மறந்திருக்காது. அதனாலோ என்னவோ, பிள்ளை "போதும்" என்றால் என் மனம் பதறிவிடும். இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைப்பேன், மாலையில் சீனி தூக்கலாகப் பால் தேநீரும் பணிசும் கொடுப்பேன், கன்னம் உப்பியிருப்பதே சுகம் என்று நம்பியிருந்தேன். போதும் என்று சொல்வது அவனுடைய வயிறு, அதை நாம் மறுத்துப் பேசக் கூடாது என்று மருமகள் கோபப்படாமல் எனக்கு விளங்க வைத்தாள்.

இப்போது சீனிப் போத்தல் மேசைக்கு வருவதில்லை. எல்லோருக்கும் ஒரே கறி, ஒரே கீரை. 2016 முதல் சோடாப் போத்தல்களில் வரும் நிறக் குறியை அவனே பார்த்து, சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று எனக்குச் சொல்லித் தருகிறான். மழையில்லாத நாட்களில் அவனுடைய அப்பா அவனைப் பாடசாலைக்கு நடத்தியே கூட்டிப் போகிறார்.

மருமகளின் தம்பி மட்டும் இன்னமும் அவனைக் "குண்டா" என்று கூப்பிடுகிறான். பிள்ளை அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தத் தம்பி அடுத்த முறை வரும்போது, அப்படிக் கூப்பிடாதே என்று நானே சொல்லப்போகிறேன்.

பேத்தியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது நீயும் கூடப் போ. என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
பார்வதி