ஆளுக்கு 1.64 வேலையா?

ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் காலாண்டு அறிக்கை வரும்போதெல்லாம் ஓர் எண் தலைப்புக்கு ஏறிவிடுகிறது: வேலையில்லாத ஒருவருக்கு எத்தனை காலியிடங்கள் என்பது. 2024 டிசம்பரில் அது 1.64. காலியிடங்கள் 77,500. படிப்பவர் என்ன நினைப்பார்? ஆளுக்கு ஒன்றரை வேலை காத்திருக்கிறது, கிடைக்காதவர் ஒழுங்காகத் தேடவில்லை என்றுதான். எண்ணில் பிழையில்லை. அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் பொருளில்தான் பிழை.

முதலில் 77,500. அரசாங்கத் துறையும், குறைந்தது 25 ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனங்களும் சொன்ன கணக்கு அது. சின்னக் கடைகள், சிறு அலுவலகங்கள் அதில் இல்லை. விகிதத்துக்கு மட்டும் அவற்றையும் சேர்த்து முழுப் பொருளியலுக்கும் மதிப்பிடுகிறார்கள். 77,500ஐ வேலையில்லாதோர் எண்ணிக்கையால் நீங்களே வகுத்துப் பார்த்தால் 1.64 வராமல் போவது அதனால்தான்.

அடுத்து, எண்ணும் நாள். காலாண்டு முடிவில் ஆள் கிடைக்காமல் எஞ்சியிருக்கும் இடங்களே கணக்கில் வரும். ஈசூனில் ஓர் அலுவலகம் கணக்கு எழுத்தரைத் தேடுகிறது, மூன்று வாரத்தில் ஆள் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடல் காலாண்டின் நடுவில் முடிந்திருந்தால் அந்த வேலை புள்ளிவிவரத்தில் தலைகாட்டவே காட்டாது. துவாஸில் இரவு ஷிஃப்டு வெல்டர் வேலை ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் இரண்டு காலாண்டிலும் எண்ணப்படும். பலர் விரும்பும் வேலை சீக்கிரம் மறைகிறது. சம்பளமோ நேரமோ தூரமோ ஒத்துவராத வேலை தேங்கி நிற்கிறது. காலியிட எண்ணிக்கையில் இந்தத் தேக்கமும் கலந்திருக்கிறது.

மூன்றாவதுதான் பெரியது. காலியிடங்களில் கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவு என்று பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியர்களை வைத்து நிரப்பும் வேலைகளும் அடக்கம். ஆனால் வேலை போன வெளிநாட்டு ஊழியர் அனுமதி ரத்தானதும் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடுவதால், வேலையில்லாதோர் பட்டியலில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும்தான். விகிதத்தின் மேலே உள்ளூர், வெளிநாடு என இரு தரப்புக்குமான வேலைகள், கீழே உள்ளூர் ஆட்கள் மட்டும். 2022 மார்ச்சில் காலியிடங்கள் 128,100க்கு ஏறி, விகிதம் 2.42ஐத் தொட்டதை நினைத்துப் பாருங்கள். கொவிட் காலத்தில் எல்லைகள் மூடி, ஊருக்குப் போனவர்களின் இடத்துக்கு ஆள் வராமல் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். உள்ளூர்க்காரருக்கு அத்தனை கதவு திறந்திருந்தது என்று அதற்குப் பொருளில்லை. கொவிட் உச்சத்தில், 2020 ஜூனில், இதே விகிதம் 0.57தான்.

அமைச்சின் வரையறையில் வேலையில்லாதவர் யார் என்பதையும் பலர் அறிவதில்லை. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும், இரண்டு வாரங்களுக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். தேடித் தேடி ஓய்ந்து நிறுத்திவிட்டவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்தாலே வேலையில் இருப்பவர். ஆட்குறைப்புக்கு ஆளான பொறியாளர் இடைக்காலத்தில் வாடகை கார் ஓட்டினால், விகிதத்தைப் பொறுத்தவரை அவர் பிரச்சினை தீர்ந்துவிட்டது!

இணையத்தில் தெரியும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. ஒரே வேலையை இரண்டு மூன்று ஏஜென்சிகள் போடும். தவிர, வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதிகளான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கோ எஸ் பாஸுக்கோ விண்ணப்பிக்குமுன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரம் இருக்க வேண்டும் என்பது விதி (10 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு). அவற்றில் எத்தனை உண்மையில் உள்ளூர்க்காரரைத் தேடிப் போட்டவை என்பதை விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விகிதத்தைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதன் பக்கத்தில் மூன்று எண்களையும் போடுங்கள், மூன்றும் அமைச்சே வெளியிடுபவைதான். ஒன்று, 25 வாரமோ அதற்கு மேலோ வேலையில்லாத உள்ளூர்வாசிகளின் விகிதம். இரண்டு, வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்துக்கொண்டு, கூடுதல் நேரம் கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களின் விகிதம். மேலே சொன்ன கார் ஓட்டும் பொறியாளர் குறைந்த நேரமே ஓட்டுகிறார் என்றால் இங்கேதான் அகப்படுவார். மூன்று, ஆட்குறைப்புக்கு ஆளானோரில் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் வேலையில் சேர்ந்தவர்களின் பங்கு.

இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டமும் ஆறு மாதக் கணக்குதான். தாமாக விலகாமல் வேலை இழந்தவருக்கு, முன்பு பெற்ற சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போகாதிருந்தால், உதவித்தொகையாக முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, பிறகு 1,250, 1,000, கடைசி மூன்று மாதங்களுக்கு 750 வீதம், மொத்தம் 6,000 வெள்ளி வரை. ஏழாவது மாதம் ஒன்றுமில்லை. அந்த ஏழாவது மாதத்துக்குள் வேலை கிடைக்காமல் நுழைகிறவர்கள் எவ்வளவு பேர் என்பதை 1.64 சொல்லாது, மறுவேலை விகிதம் சொல்லும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்லண்ட்ஸ்