இராயக்கோட்டை மலை அடிவாரத்தில் குடிநீர் வசதி வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் இராயக்கோட்டையில் தக்காளி மண்டி ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். மண்டி வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கோட்டை மலை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது என் நெடுநாள் வழக்கம். அண்மைக் காலமாகப் பெங்களூரு, ஓசூர், தருமபுரி பக்கமிருந்து விடுமுறை நாள்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இம்மலை உச்சிக்கு ஏற வருகிறார்கள். அவர்கள் வருவது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. உள்ளூர்ப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பாராமல் கிடந்த மலையை வெளியூரார் தேடி வருகிறார்கள் என்றால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் உச்சியிலுள்ள சுனைகளைப் பற்றியும், மேலே தண்ணீரின்றித் தவிப்பவர்களைப் பற்றியும்தான். இரண்டும் ஒரே சிக்கலின் இரு முனைகள் என்பது என் எண்ணம்.

இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம். அக்காலத்தில் பாராமகால் எனப்பட்ட இவ்வட்டாரத்திலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் கணவாயைக் காத்து நின்றதால், மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791 ஜூலையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை இதைத் திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றியது. 1799 மார்ச்சில் அதே கும்பினியின் ஜெனரல் ஹாரிஸின் படை திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்றபோதும் இவ்வூர்ப் பக்கமாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. வெறும் பாறையான ஓர் உச்சியில் படைவீரர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க முடிந்ததென்றால், அதற்கு மதிற்சுவர் மட்டும் போதாது. பாறைச் சரிவில் வழியும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சுனைகளும் வேண்டும். நான் ஏறத் தொடங்கிய காலத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு அச்சுனை நீரை இரு கையாலும் அள்ளிக் குடித்திருக்கிறேன். ஆடு மேய்க்க வருபவர்களும் அதைத்தான் குடித்தார்கள்.

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிறன்று நான் கண்டதைச் சொல்ல வேண்டும். சுனையில் நீர் வற்றி அடிமட்டத்தில் நின்றது. மேலே கெட்டியாகப் பாசி. அதில் கழுத்து மட்டும் தெரிய அமிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களை நீண்ட குச்சி ஒன்றால் ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்தேன். முப்பத்தேழு வரை எண்ணினேன். அதற்குமேல் குச்சி எட்டவில்லை. அவற்றுள் ஒன்று மூடி திருகியபடியே, பாதித் தண்ணீரோடு இருந்தது.

அந்த வேலையில் நேரம் போய், நான் இறங்கும்போது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. செருப்பின் அடி வழியாகச் சூடு ஏறியது. பாதி வழியில் மதிற்சுவரின் ஒரு முழ நிழலில் நான்கு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்து, முகம் வெளிறி, நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை. நால்வருக்குமாக ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுவந்து, அதையும் ஏறும்போதே தீர்த்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு குறைவாக எடுத்து வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "மேல சுனைத் தண்ணி இருக்கும்னு சொன்னாங்க, அண்ணா" என்றார் கூட வந்தவர். என்னிடம் மிச்சமிருந்த தண்ணீரில், மாங்காய்க்கு என்று நான் எப்போதும் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் உப்பில் கொஞ்சம் கரைத்து, சிறுகச் சிறுகக் குடிக்கவைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவரால் கால் ஊன்ற முடிந்தது. வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடுவதால் வரும் பிடிப்பு அது. நிழலில்லாத பாறையில் அதை அலட்சியப்படுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுனை கெட்டதால் எல்லோரும் தண்ணீரைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. அடிவாரத்தில் குடிநீர்க் குழாய் இல்லாததால் கடையில் பாட்டில் வாங்குகிறார்கள். காலி பாட்டில் மேலேயே வீசப்பட்டு, காற்றோ மழையோ அதைச் சுனையில் சேர்க்கிறது. 2019 முதல் தமிழகத்தில் நடைமுறையிலுள்ள பிளாஸ்டிக் தடை தண்ணீர் பாட்டிலுக்குப் பொருந்தாது. நீலகிரியைப் போல இங்கும் பாட்டிலையே தடை செய்யலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே வழியெங்கும் தண்ணீர் இயந்திரங்கள் வைத்துவிட்டுத் தடுக்கிறார்கள்; அப்படி ஓர் ஏற்பாடும் இல்லாமல் இந்த வெயிலில் மலையேறுபவர் கையிலிருந்து தண்ணீரைப் பறிப்பது தவறு. கோவை வெள்ளியங்கிரியில் வனத்துறையினர் அடிவாரத்தில் பாட்டிலுக்கு ஒட்டுவில்லை ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். நமக்கு ஏற்றது அந்த முறைதான். அடிவாரத்தில் ஒரு மேசையும், உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவினர் இருவரும் இருந்தால் போதும்.

குடிநீர் கேட்டு இரண்டு அலுவலகங்களில் மனு கொடுத்தேன். மலை எங்களுடையதன்று என்று ஓரிடத்திலும், அடிவாரம் எங்களுடையதன்று என்று மற்றோரிடத்திலும் சொல்லி அனுப்பினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாதென்று சட்டம் இருப்பதை அறிவேன். அதனால்தான் மலையடியில் எதையும் கட்டச் சொல்லவில்லை. அந்த எல்லைக்கு வெளியே, ஊரிலிருந்து மலைக்குத் திரும்பும் வழியில் இரண்டு குழாய்களோடு ஒரு தொட்டி போதும். அதன் பக்கத்திலேயே, உச்சியில் குடிநீர் இல்லை, ஒருவருக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், கோடையில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஏறத் தொடங்காதீர் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மூன்று மொழியும் புழங்குவதை அனைவரும் அறிவர்.

சுனைகளைத் தூர்வாருவது தொல்லியல் துறையின் அனுமதியோடு, அவர்களின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். இயந்திரம் ஏற வழியும் இல்லை, ஏற்றவும் கூடாது. பாறை விளிம்பு சிதைந்துவிடும். நீர் வற்றிக் கிடக்கும் பங்குனியில் கூடையும் கயிறும் கொண்டு கையால் அள்ளினால்தான் சரியாக வரும். எங்கள் மண்டியில் சுமை தூக்கும் தோழர்கள் பதினைந்து பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூலியின்றி உழைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூடைகளும் தயாராக இருக்கின்றன. வரும் பங்குனிக்குள் அனுமதி கிடைக்க மாவட்ட நிர்வாகம் உதவ வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கர் ஒருவர்,
இராயக்கோட்டை.