சலூன் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பாவின் காரியம் நேற்று முடிந்தது. வந்தவர்கள், வர முடியாமல் போன் செய்தவர்கள், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கூட வந்தவர்கள், எல்லோருக்கும் முதலில் நன்றி. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுத மனசு வரவில்லை. ஆனால் ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் அண்ணன். அவர் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை, முடி வெட்டப் போகிறவர்கள் யாராவது அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கன்னத்தில் புற்றுநோய்ப் புண் வெளியே வந்த பிறகு அப்பா யார் முன்னாலும் வரவில்லை. பார்க்க வந்தவர்களும் நிலைப்படியோடு நின்று, அம்மாவிடம் "தூங்குறாரா, ஆகாரம் இறங்குதா" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பார்க்கத் தாங்காதுதான். மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டிருந்ததால் பேச்சு போய்விட்டது, காதும் நினைவும் அப்படியேதான் இருந்தன, ஆனாலும் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் கூப்பிடாமலே, அண்ணன் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நேராக உள்ளே போய் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, "சார், எப்பவும் போலத்தானே? மீசையை என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அப்பா சிலேட்டை எடுத்து எழுதி முடிக்கும் வரை சும்மா இருந்தார். "இருக்கட்டும், ஓரம் மட்டும்" என்று எழுதினார் அப்பா. புண் பக்கம் பிளேடு படக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததைச் சொன்னோம், சரி என்று நல்ல கன்னத்தில் மட்டும் டிரிம்மர் ஓட்டினார், கட்டுப் போட்ட பக்கம் நீட்டிக்கொண்டிருந்த முடியைக் கத்தரியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அப்புறம் "கண்ணாடி பாக்கறீங்களா சார்?" என்றார். வீட்டில் கண்ணாடியையெல்லாம் நாங்கள் எடுத்து ஒளித்து வைத்திருந்தோம், எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. அப்பா கை நீட்டி வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையைக் காட்டிப் பணம் எடுக்கச் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடையில் என்ன வாங்குவாரோ அதை வாங்கிக்கொண்டு மீதி சில்லறை கொடுத்தார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா தானே சலவைச் சட்டை கேட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில் வந்த வலி நிவாரண நர்ஸ் அக்காவை மறக்கவே முடியாது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவ அவர்தான் சொல்லிக்கொடுத்தார், வாடை குறைந்த பிறகுதான் பேரன் தாத்தா கட்டிலில் ஏறினான். திடீரென்று ரத்தம் வந்தால் பார்த்துப் பதறாமல் இருக்க அடர்நிறத் துண்டு வாங்கி வைக்கச் சொன்னதும் அவர்தான். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டருக்கும், மாத்திரையை நுணுக்கி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூக்குக் குழாயில் கொடுக்க என்னோடு முறை வைத்து விழித்திருந்த சித்திக்கும், கஞ்சித்தண்ணி வடிகட்டி அனுப்பிய எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. மார்ஃபின் ஆரம்பித்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். அது கொடுத்த பிறகுதான் அப்பா தூங்கினார், எழுந்து பேப்பர் படித்தார். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து கொடுப்பார்கள். வைத்தியம் இனி இல்லை என்று சொல்லும் வரை காத்திருக்காதீர்கள், நோய் தெரிந்ததுமே வலி நிவாரணப் பிரிவையும் கேளுங்கள்.

இனி யார் வீட்டில் இப்படிப் படுத்திருந்தாலும் நான் நிலைப்படியில் நிற்க மாட்டேன். உள்ளே போய் உட்கார்ந்து அவரிடமே கேட்பேன்.

மிச்சமிருந்த மார்ஃபினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சளி உறிஞ்சும் மெஷினும் காற்றுப் படுக்கையும் வீட்டில் சும்மா இருக்கின்றன, இரண்டும் நல்ல நிலையில்தான் உள்ளன. யாருக்காவது தேவைப்பட்டால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பணம் எதுவும் வேண்டாம்.