காப்பீட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்

வணக்கம். ஆள் வைத்து வேலை செய்யும் உறுப்பினர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

வேலையில் அடிபடும் ஆளுக்கு இழப்பீடு கிடைக்க முதலாளி எடுக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை எடுத்தால் மட்டும் போதாது. கேட்கும்போது அதைக் காட்டுவதும் முதலாளியின் பொறுப்புதான். நமக்கு வேலை தரும் வாடிக்கையாளர், உரிமம் வழங்கும் அலுவலகம், ஆய்வாளர் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பிரீமியம் கட்டிய ரசீதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்; காப்பீட்டு நிறுவனம் தரும் சான்றிதழ்தான் செல்லும்.

அதில் உள்ள பெயரும் உங்கள் தொழில் பதிவாகியிருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர் இருந்தால் விபத்து நாளில் அதுவே சிக்கலாகும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்த வகை வேலைக்குப் பாதுகாப்பு என்பதையும் பாருங்கள். கூரை ஏறும் ஆளை அலுவலக ஊழியர் என்று பதிந்திருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், உள் ஒப்பந்தக்காரர்கள், அதாவது நம் வேலையில் ஒரு பகுதியை நம்மிடமிருந்து எடுத்துச் செய்பவர்கள். அவர்களிடம் காப்பீடு இல்லையென்றால் பல நாடுகளின் சட்டப்படி பொறுப்பு நம் தலையில்தான் விழும். வேலை தொடங்கும் முன்பே சான்றிதழ் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் கொடுத்த நாளுக்குப் பிறகு பிரீமியம் கட்டாமல் பாலிசி ரத்தாகியிருக்கலாம், காகிதத்தில் அது தெரியாது. அதனால் காப்பீட்டு நிறுவனத்தையே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். நீண்ட வேலை என்றால் நடுவிலும் ஒருமுறை கேளுங்கள்.

காப்பீட்டு விவரத்தை வேலையாட்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அடிபட்டவரின் குடும்பம் யாரிடம் போவது என்று தெரியாமல் அலையக்கூடாது.