இதயக் கிளினிக்கில் மனதையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் என் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. உயிர் தப்பினார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் விறாந்தைச் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. விடியவே வாழைக்குத் தண்ணீர் கட்டுகிற மனிதர், பேப்பர்கூட விரிக்கவில்லை. பெரியம்மா எடுத்து வைத்த குளிசைகள் அப்படியே கிடந்தன. "இனி என்னத்துக்கு?" என்பார். வருத்தக்காரன், அப்படித்தான் இருப்பார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது மனச்சோர்வு என்று தெரிய நாலு மாதம் ஆனது.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. மருந்தையும் நடையையும் கைவிடச் செய்து, இதயத்தையும் மேலும் கெடுக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2008 இலேயே இதய நோயாளிகளிடம் இதைக் கேட்டறியச் சொன்னது. தொடக்கத்துக்கு இரண்டு கேள்வி போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா?

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் பிரஷர் பார்க்கும் தாதியரே இதைக் கேட்கலாம். ஆம் என்றால் மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். போரில் பிள்ளைகளை இழந்தவர்களும் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள்.

மனச்சோர்வுக்குத் தரும் மருந்து இதயத்துக்கு ஆகுமோ என்ற பயம் பலருக்கு. பழைய வகை சில ஆகாது, உண்மைதான். செர்ட்ராலின் இதய நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்த மருந்து. எது சரி என்று டாக்டர் சொல்வார். வீட்டுக்காரர் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.