தவணை மாறவில்லை, காலம் நீண்டுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதன்முதலாக வீடு வாங்குபவர்களுக்கான கடன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கிரெடிட் ஸ்கோர், முன்பணம், எந்தெந்தக் காகிதங்களைக் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கடன் கைக்கு வருவதோடு கட்டுரை முடிந்துவிட்டது. நான் இன்றும் வருந்துவது அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்துத்தான்.

நானும் கணவரும் 20 ஆண்டுக் கடன் வாங்கினோம். 9 சதவீதம், மாறும் வட்டி. கையெழுத்துப் போடும் நாளில் நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, மாதம் எவ்வளவு என்பதுதான். அது எங்கள் சம்பளத்துக்குள் அடங்கியது, சரி என்றோம். இரண்டு ஆண்டு கழித்து வட்டி 10 சதவீதமாகிவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பதறிப்போய்க் கணக்கைப் பார்த்தால் தவணைத் தொகை அப்படியே இருந்தது. "தவணை ஏறலையே, அப்புறம் என்ன?" என்றார் கணவர். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் ஆண்டு முடிவில், கையில் சேர்ந்த பணத்தில் கொஞ்சம் கடனை அடைக்கலாம் என்று கணக்கு அறிக்கை வாங்கினோம். வாங்கிய கடனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாங்கள் கட்டியிருந்தது 54. பாக்கி நின்றது 92. அறிக்கை தவறு என்றுதான் முதலில் நினைத்தோம். அன்று இரவு உட்கார்ந்து மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இப்படிப்பட்ட கடனில் முதல் தவணையை ஆறு கூறாக்கினால் ஐந்து கூறு வட்டிக்கே போய்விடும். ஒரு கூறுதான் அசலில் கழியும். வட்டி ஏறாமலே இருந்தாலும் 10 ஆண்டு முடிவில், அதாவது பாதிக் காலம் கட்டிய பிறகும், 100இல் 71 பாக்கி இருக்கும். இது ஏமாற்று இல்லை. பாக்கித் தொகைக்கு வட்டி என்பதால் வரும் கணக்கு. ஆனால் இதை வாங்குபவருக்கு முதல் நாளே காட்ட வேண்டாமா?

வட்டி ஏறியபோது நடந்தது இன்னும் மோசம். தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள். பாக்கி 216 தவணை 266 ஆகிவிட்டது. ஒரே ஒரு சதவீதத்துக்கு 50 மாதம்! அன்றைக்கே தவணையை 7 சதவீதம் கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தால் பழைய காலத்துக்குள் கடன் முடிந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் மொத்தத்தில் கூடுதலாகப் போவது, அதே 100இன் கணக்கில், சுமார் 13. காலத்தை நீட்டியதால் போவது 45. அந்த 7 சதவீதத்தை எங்களால் கட்டியிருக்க முடியும். கூட்டட்டுமா, நீட்டட்டுமா என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அதனால் கையெழுத்துக்கு முன்பே முழுத் தவணை அட்டவணையையும் வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் அந்த அட்டவணை எப்படி மாறும் என்று இன்னொன்றும் போட்டுத் தரச் சொல்லுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அபராதம் இல்லையென்றால், 9 சதவீத 20 ஆண்டுக் கடனில் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தாலே ஏறக்குறைய மூன்றரை ஆண்டு முன்னதாகக் கடன் முடிந்துவிடும்.

காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுகிறோம் என்று சொன்னால், அதற்கும் 20 ஆண்டு வட்டி கட்டப்போகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்தால் தனியாகக் கட்டிவிடலாம். இன்னொன்று: உங்களுக்கு இவ்வளவு வரை கடன் கிடைக்கும் என்று சொல்லும் தொகை உங்கள் வருமானத்தைப் பார்த்துப் போட்டது. வீட்டில் வயதானவர்களின் மருத்துவச் செலவும், நாளைக்கு ஒருவருக்கு வேலை போனால் என்ன செய்வது என்ற கவலையும் அந்தக் கணக்கில் கிடையாது. அதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுக் கடன் பற்றி எழுதும்போது ஒரு மாதிரி அட்டவணையை முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். 240 வரிகளும் வரட்டும், இடத்தைப் பார்க்காதீர்கள். என் தம்பி மகள் அடுத்த மாதம் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறாள். அவளுக்கு நானே நோட்டில் கோடு போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி