நிறுவியவர் எழுதிய விதிகளை முழுசாகப் போடுங்கள்

1861இல் அமைந்த அரசு விசாரணைக் குழுவான கிளாரண்டன் குழு விசாரித்த, ஈட்டன், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட ஒன்பது இங்கிலாந்துப் பள்ளிகளின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி விழுந்ததிலிருந்து, "நாங்கள் அறக்கட்டளை" என்ற பேச்சு உங்கள் தரப்பிலிருந்து அடிக்கடி காதில் விழுகிறது. மறுக்கவில்லை. யாருக்காக வைத்த அறம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாமே. கேட்பது ஒன்றுதான்: பள்ளியை நிறுவியவர் எழுதிய விதிகளை ஒன்று விடாமல் வெளியிடுங்கள். எந்த விதி, எந்த ஆண்டில், யார் உத்தரவால் மாறியது என்று அதனதன் பக்கத்திலேயே குறியுங்கள்.

நேரு படித்த ஹாரோவையே பார்க்கலாம். 1572இல் முதலாம் எலிசபெத்திடம் சாசனம் வாங்கிய ஜான் லயன் பிரபு அல்ல, சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி. ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசம் என்பது அவர் ஏற்பாடு. தாள், மை, பேனா, புத்தகம், குளிர்காலத்துக்கு மெழுகுவர்த்தி, ஒரு வில், மூன்று அம்பு, நாண், கைக்காப்பு போன்றவை பெற்றோர் பொறுப்பு. அம்பு எத்தனை என்பது வரை யோசித்து எழுதியவர், கூடவே ஒரு சின்னக் கதவையும் திறந்து வைத்தார்: ஆசிரியர் வெளியூர்ப் பிள்ளைகளையும் சேர்க்கலாம், அவர்களிடம் கட்டணம் வாங்கலாம்.

அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாம் போயிற்று. ஆசிரியர் சம்பளம் விதியில் எழுதிய இடத்திலேயே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. வருமானம் வெளியூர்ப் பிள்ளைகளிடம்தான் என்றானதும் விடுதிகள் பெருகின. பாடமோ லத்தீனும் கிரேக்கமும். ரொட்டிக் கடைக்காரர் மகனுக்குக் கடைக்கணக்கு வேண்டும். இலவசம் என்பதற்காக லத்தீன் கவிஞர் ஓவிட்டை மனப்பாடம் செய்து அவன் என்ன செய்வான்? ஊர்க்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1810இல் தீர்ப்பு பள்ளி பக்கம்.

மிஞ்சிய ஊர்ப் பிள்ளைகள் பட்ட பாட்டுக்கு ஆண்டனி டிராலப் சாட்சி. பின்னாளில் பேர்பெற்ற நாவலாசிரியர். 1820களிலும் 1830களின் தொடக்கத்திலும் வீட்டிலிருந்து நடந்து வந்து படித்த பையன். ஒரு கட்டத்தில் தினமும் பன்னிரண்டு மைல், சேற்றுச் சந்துகளில். சேறு காலணியோடு, கால்சட்டையோடு வகுப்புக்குள் வரும். பிரபு வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் அதோடுதான் உட்கார வேண்டும். தலைமையாசிரியரே தெருவில் நிறுத்தி, இவ்வளவு அழுக்கான பையனால் ஹாரோவுக்கு இழுக்கு வருவதா என்று கேட்டதை அவர் தன்வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். யாருக்காகப் பள்ளி எழும்பியதோ அவனே பள்ளிக்கு அவமானம்!

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1853இல் உள்ளூர் வியாபாரிகளின் பிள்ளைகளுக்கென்று தனியாக 'ஆங்கில வகுப்பு'. இத்தகைய பள்ளிகளுக்கென்று வந்த 1868 சட்டம் புதிய விதிகளுக்கு வழிவிட்டது, ஊராரின் இலவச உரிமை படிப்படியாகக் கழன்றது. 1876இல் அவர்களுக்கு வேறொரு பள்ளி, பெயரிலேயே 'கீழ்ப் பள்ளி'. லண்டன் மளிகை வியாபாரி லாரன்ஸ் ஷெரிஃப் 1567இல் தொடங்கிய ரக்பி பள்ளியிலும் இதே கதை, அங்கே 1878. தாத்தா சொத்தில் முன்கட்டு விருந்தாளிக்கு, பேரனுக்குப் பின்கட்டு. அதையும் தானமாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

பள்ளி வரலாறு என்று எழுதப்படுபவற்றில் ஒரு பழக்கம் உண்டு. முதல் பக்கத்தில் நிறுவியவர் படம், அடுத்த பக்கத்தில் அங்கே படித்த பிரதமர்கள். நடுவே முந்நூறு வருடம் காணோம். ஈட்டன் என்றால் 1440, ஆறாம் ஹென்றி, எழுபது ஏழை மாணவர்கள். அந்த 'ஏழை' என்ற சொல் எப்போது வெறும் அலங்காரமானது என்று யாரும் எழுதுவதில்லை. பழைய மரப்பலகையில் பையன்கள் செதுக்கிய பெயரைக் காட்டுவதில் இருக்கும் அக்கறை, பழைய தாளில் இருக்கும் பெயரில்லாத பிள்ளைகள் மேல் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். வேலை பெரிதல்ல. மூன்று நெடுவரிசை கொண்ட ஒரு அட்டவணை போதும்: மூல விதி, இன்றைய ஆங்கிலத்தில் அதன் பொருள், அது மாறிய ஆண்டும் மாற்றிய அதிகாரமும். நீதிமன்றத் தீர்ப்பானால் வழக்கின் பெயர், சட்டமானால் பிரிவு எண். கடைசி வரியில், இந்த ஆண்டு முழு இலவசமாகப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள். சுருக்கம் வேண்டாம், தேர்ந்தெடுத்த வரிகள் வேண்டாம். தயவுசெய்து முழுசாகப் போடுங்கள், மூன்று அம்பு உட்பட.

இப்படிக்கு,
பழைய பள்ளிச் சாசனங்களைப் படிக்கும் சிலர்